ஓசிடி இருக்கிறவங்களுக்கு இஇஜி எடுத்தா என்ன தெரியும்? தங்கச்சிக்கு பிரெய்ன் மேப்பிங் எடுத்தோம், குழப்பமா இருக்கு

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. என் தங்கச்சிக்கு 20 வயசு, பிஎஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம். பத்தாவது படிக்கும்போதே லேசா இருந்துச்சு, இப்ப ஒன்றரை வருஷமா ரொம்ப முத்திடுச்சு. ரெக்கார்ட் நோட்டு எழுத உக்காந்தான்னா ஒரு எழுத்து சரியா விழலைன்னு அவளுக்கு தோணிட்டா போதும், அந்தப் பக்கத்தையே கிழிச்சிட்டு முதல்லேர்ந்து எழுதுவா. நாங்க வாங்கிப் பார்த்தா அந்த எழுத்துல ஒரு குறையும் தெரியாது. போன வாரம் குப்பைக்கூடையை கொட்டும்போது எண்ணிப் பார்த்தேன், ஒரே டைட்ரேஷன் பக்கம் 17 தாள். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருக்கா, அம்மா பக்கத்துலயே தூங்காம இருக்காங்க. வெளிய கிளம்பினா கேஸ் ரெகுலேட்டரை பார்க்க பஸ் ஸ்டாப்லேர்ந்து திரும்பி வருவா, அது தனிக்கதை.

மனநல டாக்டர்கிட்ட காட்டி, ஓசிடின்னு (வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலை பண்ண வைக்கிற நோயாம்) சொல்லி செர்ட்ராலின் மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. இதுக்கு நடுவுல சொந்தக்காரர் ஒருத்தர் பேச்சைக் கேட்டு ஒரு தனியார் சென்டருக்கு கூட்டிட்டுப் போனோம். 9000 ரூபா வாங்கிட்டு தலையில ஒயர் மாட்டி, மூளையோட மின் அலையை பதிவு பண்ற இஇஜி எடுத்து கலர் கலரா தலைப்படம் போட்ட ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க. முன்பக்கம் செவப்பா இருக்கு, தீட்டாங்கிற மெதுவான அலை ஜாஸ்தி, இதான் ஓசிடி, மாத்திரையை நிறுத்திட்டு நியூரோஃபீட்பேக்னு, மூளை அலையை ஸ்கிரீன்ல பார்த்து மாத்தப் பழகுற பயிற்சிக்கு 40 சிட்டிங் வந்தா சரியாயிடும்னு சொல்றாங்க. மாத்திரையை நிறுத்தலாமா? அந்தச் செவப்பு நிஜமாவே ஓசிடியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தென்பாண்டி_செல்வி:
தம்பி, முதல்ல ஒண்ணு. மாத்திரையை யார் எழுதிக் குடுத்தாங்களோ அந்த டாக்டரை கேக்காம நிறுத்தாதீங்க. ஓசிடிக்கு இந்த மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு பார்க்க 10, 12 வாரம் ஆகும், டிப்ரஷனுக்கு குடுக்கிறதை விட டோஸும் கூட வேணும்னு எங்க டாக்டருங்க எப்பவும் சொல்வாங்க. மூணு வாரத்துல ஒண்ணும் தெரியாது.

நான் இஇஜி டெக்னீஷியன், அரசு ஆஸ்பத்திரியில 14 வருஷமா தலையில பேஸ்ட் ஒட்டுறதுதான் பொழப்பு. ஓசிடி பேஷன்ட்டுக்கும் எங்க டாக்டருங்க சில சமயம் இஇஜி எழுதுவாங்க, ஆனா அது ஓசிடியை கண்டுபிடிக்க இல்ல, வலிப்பு மாதிரி வேற ஏதாவது இருக்குமோன்னு சந்தேகம் வந்தா அதை ஒதுக்கிறதுக்கு. பெரும்பாலும் நார்மல்னுதான் ரிப்போர்ட் போகும். ஓசிடியை கண்டுபிடிக்கிறது பேசித்தான், ஒய்பாக்ஸ்னு 10 கேள்வி இருக்கு, 1989லேர்ந்து உலகம் பூரா அதான், 40க்கு எத்தனைன்னு போட்டு எவ்வளவு கடுமையா இருக்குன்னு பார்ப்பாங்க.

அப்புறம் அந்த தீட்டா. தம்பி, உங்க தங்கச்சி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுதுறாங்கன்னு நீங்களே சொல்றீங்க. தூக்கம் வந்தா தீட்டா தானா ஏறும். படுக்க வச்சு கண்ணை மூடச் சொன்னதும் பாதிப் பேருக்கு அசந்துடும், முழிச்சிருந்து கண்ணை மூடினா வர்ற ஆல்ஃபா அலை கரைஞ்சு தீட்டா வந்து நிக்கும், நாங்க உடனே பேரைச் சொல்லி கூப்பிட்டு எழுப்பி அந்த இடத்துல மார்க் போடுவோம். எடுக்கும்போது அப்படி கூப்பிட்டாங்களா? ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குனான்னு கேட்டாங்களா?

வைகைக்கரை:
அக்கா ரொம்ப நன்றி. யாரும் எதுவும் கேக்கல. லைட்டை அணைச்சிட்டு பக்கத்து ரூமுக்கு போயிட்டாங்க, 20 நிமிஷம் இருக்கும். அவகிட்ட இப்ப கேட்டேன், தூங்கிட்டேன்னுதான் நினைக்கிறேன்னு சொல்றா. மாத்திரை தொடர்ந்து போகுது, நிறுத்தல.

பனிக்காலம்:
நான் ஜெர்மனியில பிஎச்டி பண்றேன், வேலையே இஇஜிதான், ஓசிடி ஆய்வுல உதவியாளரா இருந்திருக்கேன். டாக்டர் இல்லைங்கிறதை முதல்லயே சொல்லிடறேன், சிகிச்சை விஷயத்துல செல்வி அக்கா சொன்னதை கேளுங்க.

தீட்டா கதை எங்கேருந்து வந்துச்சுன்னா, 1993ல நியூயார்க்ல ஒரு குழு ஓசிடி உள்ளவங்களோட இஇஜியை கம்ப்யூட்டர்ல அலசி ரெண்டு கூட்டமா பிரிச்சாங்க. தீட்டா ஜாஸ்தியா இருந்த கூட்டத்துல பெரும்பாலானவங்களுக்கு மருந்து சரியா கேக்கல, ஆல்ஃபா ஜாஸ்தியா இருந்த கூட்டத்துல பெரும்பாலானவங்களுக்கு கேட்டுச்சு. அவங்க கேட்ட கேள்வி யாருக்கு மருந்து வேலை செய்யும்ங்கிறது, இவருக்கு ஓசிடி இருக்கா இல்லையாங்கிறது இல்ல. அதைப் பிடிச்சு நீட்டித்தான் செவப்பு தெரிஞ்சா ஓசிடின்னு விக்கிறாங்க. நியூரோஃபீட்பேக்குக்கு ஓசிடியில இன்னும் உறுதியான ஆதாரம் கிடையாது, மாத்திரையை நிறுத்திட்டு வான்னு சொல்றது எனக்கு கோவமாவே வருது.

ஆனா இஇஜியில ஓசிடி பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு நினைச்சிடாதீங்க. தங்கச்சியோட அந்த 17 தாளை படிச்சதும் எனக்கு இதை எழுதியே ஆகணும்னு தோணிச்சு. சும்மா கண்ணை மூடி படுக்க வச்சு அலையை பார்க்கிறது ஒரு வகை, ஹான்ஸ் பெர்கர்ங்கிற டாக்டர் 1924ல ஜெர்மனியில ஜெனாவுல முதல் முதலா மனுஷ மூளையில எடுத்தது அந்த மாதிரிதான், 1929லதான் வெளியிட்டார். இன்னொரு வகை, ஆளுக்கு ஒரு வேலையை குடுத்து அந்தக் கணத்துல மூளை என்ன பண்ணுதுன்னு பிடிக்கிறது. ஸ்கிரீன்ல அஞ்சு அம்புக்குறி வரும், நடுவுல இருக்கிறது எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்க பட்டனை அமுக்கணும், மத்த நாலும் சில சமயம் எதிர்ப்பக்கம் பார்த்து குழப்பும். வேகமா அமுக்கச் சொல்வோம், அதனால தப்பு வரும், தப்பு வரணும்னுதான் வேகமா அமுக்கச் சொல்றதே. விரல் தப்பான பட்டனை அமுக்கினதுலேர்ந்து 50லேர்ந்து 100 மில்லிசெகண்டுக்குள்ள, யாரும் தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடியே, நெத்திக்கும் உச்சந்தலைக்கும் நடுவுல இருக்கிற எலக்ட்ரோடுல ஒரு கூர்மையான நெகட்டிவ் அலை வரும். அதுக்குப் பேரு இஆர்என். 1990 வாக்குல டார்ட்மண்ட்ல ஃபால்கன்ஸ்டைன் குழுவும் அமெரிக்காவுல கெரிங் குழுவும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. மூளையோட நடுப்பக்கத்துல முன் சிங்குலேட்ங்கிற பகுதியிலேர்ந்து வருதுன்னு கணக்கு. விரல் வழுக்கின உடனே உள்ளுக்குள்ள ‘அச்சச்சோ’ன்னு ஒண்ணு வருதுல்ல, அதோட மின்சார வடிவம்னு வச்சுக்கலாம்.

2000ல கெரிங் மிச்சிகன்ல இதையே ஓசிடி உள்ளவங்ககிட்ட பார்த்தார். செவப்புன்னு எழுதியிருக்கும் ஆனா பச்சை மையில இருக்கும், மையோட நிறத்தை பார்த்து அமுக்கணும், அந்த விளையாட்டு. மத்தவங்களை விட அவங்களுக்கு இந்த அலை பெருசா வந்துச்சு. அறிகுறி எவ்வளவு கடுமையோ அவ்வளவு பெருசு. சின்ன ஆய்வுதான், ஆனா அதுக்கப்புறம் நிறைய லேப்ல இதே வந்திருக்கு. எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இன்னொண்ணு. சரியா அமுக்கினாலும் அதே இடத்துல ஒரு குட்டி அலை வரும், 2008ல ஜெர்மனியில ஒரு ஆய்வுல ஓசிடி உள்ளவங்களுக்கு அந்த சரியான பதிலுக்கான அலையும் பெருசா இருந்துச்சு. அதாவது தப்பே பண்ணலை, ஆனாலும் உள்ள மணி அடிக்குது. நீங்க அந்த எழுத்துல குறையே தெரியலைன்னு எழுதியிருந்தீங்கல்ல.

கணக்குவாத்தி:
//மத்தவங்களை விட அவங்களுக்கு இந்த அலை பெருசா வந்துச்சு//

ஒரு சந்தேகம் சார். சராசரி பெருசுன்னு சொல்றீங்க. நான் காலேஜ்ல புள்ளியியல் எடுக்கிறவன், ரெண்டு குழுவோட சராசரி வேறயா இருக்கிறது வேற, ஒரே ஒரு ஆளை எந்தக் குழுன்னு சொல்றது வேற. ஆம்பளைங்க சராசரியா பொம்பளைங்களை விட உயரம், அதுக்காக அஞ்சடி ஆறங்குலம்னு மட்டும் சொன்னா அது ஆணா பெண்ணான்னு சொல்ல முடியுமா? அப்படின்னா இந்த இஆர்என்னும் அந்த சென்டர் விக்கிற கலர் படமும் ஒரே குட்டைதானே? கண்டுபிடிக்க உதவாத ஒண்ணை 20 வருஷத்துக்கு மேல எதுக்கு அளந்துக்கிட்டு இருக்காங்க?

பனிக்காலம்:
வாத்தியார் சார், முதல் பாதியில நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஓசிடி உள்ளவங்களும் இல்லாதவங்களும் நிறையவே ஒண்ணு மேல ஒண்ணு படியறாங்க. போதாக்குறைக்கு கவலை நோய் உள்ளவங்களுக்கும் இந்த அலை பெருசா வருது, ஸ்கிட்சோஃப்ரினியாங்கிற மனச்சிதைவு நோயுல சின்னதாகுது. அதனால இதை வச்சு ஒருத்தருக்கு ஓசிடின்னு யாராவது சீட்டு எழுதினா நம்பாதீங்க. வேலையை மாத்தினாலும் கதை மாறும், அம்புக்குறிக்கு பதிலா அனுபவத்துல கத்துக்கிற விளையாட்டு குடுத்தா அந்த வித்தியாசம் காணாம போயிடுது, 2009ல வந்த ஒரு ஆய்வுல ஓசிடி அறிகுறி கூட இருந்த மாணவர்களுக்கு அதுல சின்னதாவே ஆயிடுச்சு.

ரெண்டாவது பாதியை ஒத்துக்க மாட்டேன். உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க அளக்கிறதும் ஒருத்தருக்கு முத்திரை குத்த அளக்கிறதும் ஒண்ணு இல்ல. 2011ல பெர்லின்ல ஆன்யா ரீசல் குழு ஓசிடி உள்ளவங்களோட கூடப்பிறந்தவங்க, பெத்தவங்க, பிள்ளைங்கன்னு எந்த அறிகுறியும் இல்லாத நெருங்கின ரத்த சொந்தங்களை பார்த்தாங்க. அவங்களுக்கும் அலை பெருசு. அப்ப அது நோயோட புகை இல்ல, நோய் வர்றதுக்கு முன்னாடியே குடும்பத்துல ஓடுற ஒரு சாய்மானம். இது கேள்வித்தாளை வச்சு மட்டும் கண்டுபிடிக்க முடியாத விஷயம் சார்.

அளக்கிறது லேசுன்னும் நினைக்காதீங்க. இந்த அலை சில மைக்ரோவோல்ட்தான் இருக்கும், ஒரு தடவை கண் சிமிட்டினா 100 மைக்ரோவோல்ட் எகிறும். ஒரே ஒரு தப்பை எடுத்துப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது, வெறும் இரைச்சல். ஆள் நூத்துக்கணக்குல அமுக்கணும், அதுல பண்ற தப்பெல்லாம் விரல் பட்ட கணத்துல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி சராசரி எடுக்கணும், அப்பத்தான் இரைச்சல் அடங்கி அலை மேல வரும். 100 அடுக்கினா இரைச்சல் பத்துல ஒண்ணா குறையும், உங்களுக்கு அந்த வர்க்கமூலக் கணக்கு தெரியும். குறைஞ்சது ஆறு எட்டு தப்பாவது பண்ணினாத்தான் நம்பி பார்க்க முடியும். ஓசிடி உள்ளவங்க சிலர் தப்பே வரக்கூடாதுன்னு அவ்வளவு நிதானமா அமுக்குவாங்க, இன்னும் கொஞ்சம் வேகமான்னு நாங்க கெஞ்சிக்கிட்டு இருப்போம். முகம் வாடிப்போயி ‘ஸாரி ஸாரி’ன்னு சொல்லிக்கிட்டே அமுக்கின ஒருத்தரை இன்னும் மறக்கல, அம்புக்குறி விளையாட்டு, எந்த நஷ்டமும் இல்ல, ஆனா ஒவ்வொரு தப்புக்கும் அவருக்கு தோள் ஒரு தடவை குலுங்கும்.

நிலாமுற்றம்:
இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டு இப்பத்தான் எழுத தைரியம் வந்துச்சு. எனக்கு 34 வயசு, ஓசிடி 11 வருஷம். எனக்கு கதவு, அப்புறம் யாரையாவது வண்டியில இடிச்சிட்டோமோங்கிற நினைப்பு. ஸ்கூட்டியில வரும்போது ஒரு குழி ஏறி இறங்கினா ஆளா இருக்குமோன்னு திரும்பி போய் பார்ப்பேன், பார்த்துட்டு திரும்பும்போது இப்ப இடிச்சிருந்தான்னு மறுபடி போவேன், அஞ்சு நிமிஷ தூரத்துக்கு ஒரு மணி நேரம். வீட்ல எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், ‘நீயா நினைச்சா விட்டுடலாம்’. பனிக்காலம் தம்பி எழுதினதுல யாரும் சொல்றதுக்கு முன்னாடியே 100 மில்லிசெகண்டுக்குள்ள வந்துடுதுன்னு ஒரு வரி இருக்கு, அதை படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சு. நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே அது வந்துடுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், யாருமே நம்பல.

ஒண்ணு கேக்கணும். நான் ரெண்டு வருஷமா இஆர்பி தெரபி போனேன். வண்டி ஓட்டணும், குழியில ஏத்தணும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இப்ப என் ஒய்பாக்ஸ் 29லேர்ந்து 11க்கு வந்திருக்கு. இப்ப எனக்கு இஇஜி எடுத்தா அந்த அலை குறைஞ்சிருக்குமா?

பனிக்காலம்:
அக்கா நீங்க இதை எழுதினதுக்கு ரொம்ப நன்றி. முதல்ல ஒரு பெயர்க்குழப்பத்தை தீர்த்துடறேன், ஏன்னா தேடிப் படிக்கிறவங்க கண்டிப்பா மாட்டிக்குவாங்க. நீங்க போன இஆர்பி, பயப்படுறதை எதிர்கொண்டு சடங்கை செய்யாம இருக்கப் பழகுற தெரபி, லண்டன்ல விக்டர் மேயர் 1966ல எழுதினதுலேர்ந்து வர்றது. இஇஜி ஆளுங்க இஆர்பின்னா ஒரு நிகழ்வுக்கு மூளை காட்டுற மின் பதில், இஆர்என் அதுல ஒண்ணு. ரெண்டும் ஒரே மூணு எழுத்து, சம்பந்தமே இல்ல.

உங்க கேள்விக்கு பதில், 2008ல அமெரிக்காவுல ஓசிடி உள்ள குழந்தைங்களுக்கு தெரபிக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்தாங்க. அறிகுறி நல்லா குறைஞ்சிருச்சு. அலை குறையவே இல்ல. சோர்ந்து போயிடாதீங்க, இது கெட்ட செய்தியே இல்ல.

நிலாமுற்றம்:
சோர்வா இல்ல தம்பி, யோசிச்சுப் பார்த்தா அப்படித்தான் இருக்கு. குழியில ஏறினதும் அந்த சுரீர்னு ஒண்ணு இன்னும் வருது. 11 வருஷத்துக்கு முன்னாடி வந்த அதே சுரீர்தான். முன்ன வண்டியை திருப்புவேன், இப்ப திருப்புறதில்ல, கொஞ்ச தூரம் போனதும் அதுவா அடங்குது. தெரபிஸ்ட் மேடம் முதல் நாளே சொன்னாங்க, மணியை நிறுத்த நாம வரல, மணி அடிக்கும்போது எந்திரிச்சு ஓடாம உக்கார பழகத்தான் வந்திருக்கோம்னு. அப்ப ஆறுதலுக்கு சொல்றாங்கன்னு நினைச்சேன். அளந்து பார்த்தாலும் அதான்னு இப்பத்தான் தெரியுது.

கணக்குவாத்தி:
நிலாமுற்றம் மேடம், நான் எதுக்கு அளந்துக்கிட்டு இருக்காங்கன்னு கேட்டேன், உங்க பதிவை படிச்சதும் அந்தக் கேள்வியை திரும்ப வாங்கிக்கிறேன். பனிக்காலம் சார், மண்டைக்கு மேலேர்ந்து எடுக்காம உள்ளயே வச்சு அளக்கிறாங்களாமே, அது என்ன?

பனிக்காலம்:
ஆமா சார். மருந்து, தெரபி எதுக்குமே கேக்காத ரொம்ப கடுமையான சிலருக்கு மூளைக்குள்ள மெல்லிசான எலக்ட்ரோடு வச்சு மின்தூண்டல் குடுப்பாங்க. 1999ல பெல்ஜியத்துல லூவன் நகர்ல ஓசிடிக்கு முதல்ல பண்ணினாங்க, 2009ல மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி குடுக்கிற அமெரிக்க எஃப்டிஏ ஒரு வரம்புக்குள்ள அனுமதிச்சுது. இப்ப வர்ற கருவி தூண்டல் குடுக்கிறதோட நிக்காம அந்த இடத்தோட மின் அலையையும் பதிவு பண்ணும். ஹூஸ்டன்ல பேய்லர் மருத்துவக் கல்லூரியில இருக்கிறவங்க அதை வச்சு ஆள் வீட்ல இருக்கும்போதே, தெரபி பண்ணும்போதே அலையை எடுத்தாங்க, 2021ல வெளிவந்துச்சு. ஒய்பாக்ஸ் உருவாக்கின வேன் குட்மேனும் அந்தக் குழுவுலதான். 2024ல அவங்க இன்னொண்ணு போட்டாங்க, மூளையோட ஆழத்துல வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம்ங்கிற இடத்துல 9 ஹெர்ட்ஸ் வாக்குல, அதாவது செகண்டுக்கு 9 தடவை துடிக்கிற ஒரு அலை இருக்கு, நோய் கடுமையா இருக்கும்போது அது நாள் பூரா கடிகாரம் மாதிரி ஒரே அச்சுல ஏறி இறங்குது, குணமானவங்களுக்கு அந்த அச்சு கலைஞ்சு தினமும் வேற வேற மாதிரி ஆகுது. ஒரே மாதிரி ஓடிக்கிட்டிருந்த நாள் கலையறதுதான் குணம்னு படிச்சப்ப நான் லேப்டாப்பை மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். கொஞ்சம் பேருக்குத்தான் பார்த்திருக்காங்க, தங்கச்சி நிலைமைக்கு இதெல்லாம் தேவையே இல்ல, நீங்க கேட்டதுக்காக சொன்னேன்.

வைகைக்கரை:
எல்லாத்தையும் அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, சின்ன வயசுல எழுத்து கோணலா போனா ஸ்கேல்ல அடிப்பேனே, அதனாலயாடான்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. யாராவது சொல்லுங்க.

பனிக்காலம்:
ப்ரோ, அம்மாகிட்ட உண்மையையே சொல்லலாம், ஆனா முழுசா சொல்லணும். கண்டிப்பும் தண்டனையும் அதிகமா இருந்த குழந்தைங்களுக்கு ஆறு வயசுல இந்த அலை கொஞ்சம் பெருசா இருந்துச்சுன்னு 2015ல ஒரு ஆய்வு இருக்கு. அது ஓசிடி வர்றதை பத்தின ஆய்வு இல்ல, அலையை பத்தினது மட்டும். நம்ம ஊர்ல ஸ்கேல்ல அடி வாங்காம யாரு எழுதப் படிச்சா, அவங்க எல்லாருக்கும் ஓசிடி வந்துடல. ரீசல் ஆய்வுல பார்த்த மாதிரி பரம்பரைப் பங்கு இதுல கணிசமா இருக்கு. அம்மாவால வந்துச்சுன்னு எந்த ஆய்வாலயும் சொல்ல முடியாது. இப்ப அம்மா பண்ண வேண்டியது வேற ஒண்ணு இருக்கு, ராத்திரி அவ ‘இந்த எழுத்து சரியாம்மா’ன்னு கேக்கும்போதெல்லாம் சரிதான்னு பதில் சொல்லிக்கிட்டே இருக்காங்களான்னு பாருங்க. அந்தப் பதில் அவளுக்கு அந்த நிமிஷம் சுகம், நாளைக்கு இன்னும் நாலு தடவை கேக்க வைக்கும். எப்படி நிறுத்துறதுன்னு தெரபிஸ்ட் சொல்லித் தருவாங்க, சட்டுனு நிறுத்திடாதீங்க.

தென்பாண்டி_செல்வி:
அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க தம்பி, ரெண்டு மணி வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கிற தாய் எந்தத் தப்பும் பண்ணல.

இன்னொண்ணும் சொல்லணும், பின்னாடி எப்பவாவது டாக்டர் இஇஜி எழுதினா பயப்படாதீங்க. தலைக்கு ஷாம்பு போட்டு குளிச்சிட்டு எண்ணெய் வைக்காம வரணும், காய வச்சுட்டு வரணும், அவ்வளவுதான். அழுக்கு பயம் உள்ள ஒரு பொண்ணு எங்ககிட்ட வந்துச்சு, பேஸ்ட்டை பார்த்ததும் நாற்காலியில உக்காரவே மாட்டேன்னுடுச்சு. புது ட்யூபை அது கண்ணு முன்னாடியே உடைச்சு முதல்ல என் கையில தடவிக் காட்டினேன், அப்புறம் அது விரல்ல ஒரு பொட்டு வச்சேன், கழுவப் போகாம பத்து நிமிஷம் அப்படியே வச்சிருந்துச்சு, அப்புறம்தான் தலையில ஆரம்பிச்சேன். ஒன்றரை மணி நேரம் ஆச்சு, வெளிய பேஷன்ட் வரிசை கத்துது, ஆனா அன்னிக்கு எடுத்த ரெக்கார்டிங் மாதிரி சுத்தமா நான் எடுத்ததே இல்ல, அவ்வளவு அசையாம இருந்துச்சு.

வைகைக்கரை:
அப்டேட். சென்டருக்கு போன் பண்ணி 40 சிட்டிங் வேண்டாம்னு சொல்லிட்டேன், 9000 போனது போனதுதான். பழைய டாக்டர்கிட்டயே போனோம், அவர் மாத்திரையை தொடரச் சொல்லி மெடிக்கல் காலேஜ்ல தெரபி பண்ற சைக்காலஜிஸ்ட்டுக்கு லெட்டர் குடுத்திருக்கார், வர்ற வியாழக்கிழமை முதல் நாள். நிலாமுற்றம் அக்கா எழுதினதை தங்கச்சியே படிச்சா. மணி அடிக்கும்போது ஓடாம உக்காரணும்ங்கிற இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சா. நேத்து ராத்திரி பிப்பெட்ங்கிற வார்த்தையில ஒரு புள்ளி தள்ளி விழுந்துடுச்சுன்னு சொன்னா, பக்கத்தை கிழிக்கல, மேசையில வச்சிட்டு படுத்துட்டா. ஆனா தூங்கல, நாலு தடவை எந்திரிச்சு லைட்டை போட்டு பார்த்தா. காலையில அந்தப் பக்கம் அப்படியே இருந்துச்சு.

நிலாமுற்றம்:
வைகைக்கரை தம்பி, அந்த நாலு தடவையும் எத்தனை மணிக்கு எந்திரிச்சான்னு அவகிட்டயே கேட்டு குறிச்சு வச்சுக்கோங்க, ஒவ்வொரு தடவையும் பரபரப்பு பத்துக்கு எவ்வளவுன்னு ஒரு நம்பரும் போடச் சொல்லுங்க. வியாழக்கிழமை அவங்க முதல்ல கேக்கப்போறது அதைத்தான். அந்தப் பக்கத்தையும் எடுத்துட்டுப் போங்க.